துருவின் விலை

இலக்கியமென்று எவரும் பெயர்சூட்டாத எழுத்து நாள்தோறும் மலைமலையாக எழுதப்படுகிறது, மக்களாற் படிக்கவும்படுகிறது. மரண அறிவித்தல், ஏல அறிவித்தல், விற்பனை விளம்பரம் ஆகியன அவ்வகையின. கவிதையையும் சிறுகதையையும் நிறுத்துப் பார்க்கும் விமரிசகன் இவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதனை மதிக்கிறது, எதற்கு விலை வைக்கிறது, எதனை வாய்திறந்து சொல்ல விரும்பவில்லை என்பனவற்றைக் கதாசிரியர் பலரைவிட இவ்விளம்பரக்காரர்களே நமக்குத் தெளிவாகக் காட்டிவிடுகிறார்கள். அவர்கள் ஒளிக்கக் கற்றவர்களல்லர். தாம் சொல்வது முற்றிலும் இயல்பானதென்றே நம்புகிறார்கள். அதனாற்றான் அவர்களுடைய எழுத்து ஆராய்ச்சிக்குரியதாகிறது.

பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளை விற்பதற்காக எழுதப்படும் சிறு விளம்பரங்களையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். 1954 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரில் தோன்றிய ‘ஹெமிங்ஸ் மோட்டார் நியூஸ்’ என்னும் ஏடு, பழைய வண்டிகளையும் அவற்றின் உதிரிப் பாகங்களையும் பற்றிய விளம்பரங்களையே உணவாகக் கொண்டு வளர்ந்தது. இன்று அந்த விளம்பரங்கள் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கைத்தொலைபேசி வைத்திருப்பவர் எவரும், வன்னியின் உடையார்கட்டுச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்பவர்கூட, 1957 ஆம் ஆண்டின் செவ்ரோலே வண்டியொன்றை நாற்பது கோணங்களிற் பார்த்து மகிழலாம். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையினூடே ஒரு மதிப்பீட்டு முறையும் மனத்திற் குடியேறுகிறது. அம்முறை யாருடையது, யாருக்குப் பொருந்தும் என்பதே நமது கேள்வி.

முதலில் நியாயம் செய்வோம். இவ்விளம்பரங்களிற் சிறந்தவை நல்ல உரைநடை. தரைத்தகடு எந்த இடத்தில் அரித்திருக்கிறது, எந்தக் கதவு சரியாகப் பூட்டவில்லை, எந்த ஆண்டில் எஞ்சின் கழற்றிப் பூட்டப்பட்டது, எந்தப் பாகம் பின்னர் மாற்றப்பட்டது என்பவற்றைச் சுற்றிவளைக்காமற் சொல்கின்றன. பொருளின் பெயரைச் சரியாக அறிந்தவனுடைய எழுத்து அது. நம்முடைய கதைகளில் ‘ஒரு பழைய கார் வந்து நின்றது’ என்பதற்கு மேல் ஒரு வாக்கியத்தைக் காண்பது அரிது. எந்தக் கார், அதனை யார் ஓட்டினார், எந்தக் கராஜில் அது பிழைத்தது என்று கேட்டால் ஆசிரியருக்கே தெரியாது. இந்தக் குறையைச் சுட்டுவதற்கேனும் அவ்விளம்பரங்களை நம் எழுத்தாளர் படிக்கலாம்.

ஆனால், குறைகளைச் சொல்லும் அதே விளம்பரம் புகழத் தொடங்கும்போது எச்சொற்களைக் கையாளுகிறது? ‘அசல்’ என்பது முதற்சொல். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது மேலானது. ‘எண்கள் பொருந்தியவை’ என்பது அடுத்தது. எஞ்சினிலும் உடலிலும் பொறிக்கப்பட்ட எண்கள் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் விலை சரியும். ‘ஒரே உரிமையாளர்’ என்பது இன்னொரு புகழ்மொழி. ‘களஞ்சியக் கண்டெடுப்பு’ என்று ஒரு தனி வகையே உண்டு. பண்ணைக் கொட்டகையொன்றிற் பல பத்தாண்டுகள் மறந்துவிடப்பட்ட வண்டியைத் தூசியும் சிலந்திவலையும் துடைக்காமலே படம்பிடித்துப் போடுகிறார்கள். தூசிக்கும் விலை உண்டு. மங்கிய வர்ணத்துக்கும் மேலோட்டமான துருவுக்கும் ‘காலம் ஏற்றிய மெருகு’ என்று பெயர். பழுதுபார்க்கப்படாமலும் புதிதாக வர்ணம் பூசப்படாமலும் தப்பிய வண்டிக்கு அவர்கள் சூட்டும் பட்டம் ‘உயிர் தப்பியது’ என்பதாகும்.

இச்சொற்கள் யாவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வண்டியின்மீது மனிதக் கை எவ்வளவு குறைவாகப் பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும். செப்பனிட்ட கை, மாற்றிப் பூட்டிய கை, ஒட்டுப்போட்ட கை ஆகியன மதிப்பைக் குறைக்கும் கறைகள். உழைப்பைக் கறையாகக் காணும் இந்த இரசனைதான் நமது ஆராய்ச்சிக்குரிய பொருள்.

அந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்பதை விளம்பரம் ஓரளவு சொல்லும். எப்படி வந்தன என்பதைச் சொல்லாது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த அல்பிரட் சுலோன், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் முறையை வேரூன்றச் செய்தவர். கடந்த ஆண்டின் வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் சொந்தக்காரன் அதையிட்டு வெட்கப்பட வேண்டும் என்பதே அம்முறையின் உட்பொருள். 1927 முதல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவை நடத்திய ஹார்லி ஏர்ல் அதற்கு உருவம் கொடுத்தார். 1948 இல் கடிலக் வண்டியின் பின்புறத்தில் முளைத்த சிறு செதில், 1959 இல் விண்கலத்தின் வால்போல் ஓங்கி நின்றது. அச்செதிலாற் பயணிக்குக் கிடைத்த நன்மை ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு பழசாகிவிட வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள், இன்று பழசாக இருப்பதற்காகவே போற்றப்படுகிறது. ஒரே பொருளை முதலில் அதன் புதுமைக்காகவும் பின்னர் அதன் பழமைக்காகவும் விற்கத் தெரிந்த சந்தையின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அந்த வண்டிகளைச் செய்தவர்கள் யார்? 1936 டிசம்பர் 30 ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். கண்ணீர்ப்புகையையும் குளிரையும் தாங்கி 44 நாட்கள் போராடினர். 1937 பெப்ரவரி 11 ஆம் நாள் நிறுவனம் அவர்களுடைய சங்கத்தை ஏற்றுக்கொண்டது. பின்வந்த ஆண்டுகளின் அமெரிக்க வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தக் குளிர்காலம் இருக்கிறது. 1950 இல் ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம் மக்கள் வாழ்ந்த டெட்ரோயிற் நகரில், 2020 இல் எஞ்சியிருந்தோர் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் குறைவு. 2013 இல் அந்நகராட்சி வங்குரோத்தை அறிவித்தது. வண்டி அசலாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் விளம்பரத்தில் அதைச் செய்த நகரம் எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

சிறு விளம்பரத்தின் சரித்திரத்திலே புகழ்பெற்ற ஓர் உதாரணத்தை இங்கு நோக்குவோம். 1968 இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்குயின் ஓட்டிய போர்ட் மஸ்டாங் வண்டியை, 1974 இல் மோட்டார் சஞ்சிகையொன்றின் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் ஏறத்தாழ 6,000 டொலருக்கு வாங்கினார். அவருடைய மனைவி அதனை வேலைக்குச் செல்ல ஓட்டினார். பின்னர் அது பழுதுபட்டுப் பல்லாண்டுகள் ஓடாது நின்றது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணங்களோடு 37 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. நெளிவும் மங்கலும் துருவும் அப்படியே விடப்பட்டிருந்தன. அவற்றைத் துடைத்திருந்தால் விலை குறைந்திருக்கும். அந்தத் துருவுக்கு ஒரு கதை இருந்தது. அந்தக் கதைக்கு ஒரு நட்சத்திரம் இருந்தார். ஆகவே துரு பொன்னாயிற்று.

இனி, இந்த அளவுகோலை நம் நாட்டின்மீது வைத்துப் பார்ப்போம். இலங்கையின் இணைய விளம்பரங்களிலும் பழைய வண்டிகளுக்குத் தனி இடம் உண்டு. அங்கு அமெரிக்க வண்டிகள் அரிது. பிரித்தானிய ஆட்சியின் வழிவந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலியனவே மிகுதி. ஆயினும் அமெரிக்க விளம்பரத்தின் சொற்கள் அப்படியே இறக்குமதியாகியுள்ளன. அசல், ஒரே உரிமையாளர், சேகரிப்போருக்கு உகந்தது என்றே இவையும் பேசுகின்றன. உள்ளூரிற் சேர்ந்த ஒன்றே ஒன்று இலக்கத்தகடு. ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய பழைய இலக்கமா, அன்றி ‘1 ஸ்ரீ’ வரிசையா என்பது வண்டியின் வயதுக்குச் சான்றாகப் பெருமையுடன் குறிப்பிடப்படுகிறது.

அந்த ‘ஸ்ரீ’ வெறும் வயதுச் சான்றா? 1958 இன் தொடக்கத்திற் சிங்கள எழுத்திலான ஸ்ரீ வாகனத் தகடுகளில் ஏறியபோது தமிழ்ப் பிரதேசங்கள் எதிர்த்தெழுந்தன. தகடுகளில் தமிழ் எழுத்துப் பொறிக்கப்பட்டது. தெற்கிலே பதிலுக்குத் தமிழ் எழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாத இறுதியில் நாடு இரத்தக்களமாயிற்று. ஒரு மோட்டார் வண்டியின் நெற்றியில் எழுதப்பட்ட எழுத்துக்கு இந்நாட்டு மக்கள் கொடுத்த விலை அது. இன்று அதே எழுத்து, விளம்பரத்தில் விலையைக் கூட்டும் அணிகலன். மெருகேறிய தகட்டைப் படம்பிடித்தவனுக்குத் தீய நோக்கம் எதுவுமில்லை. சரித்திரத்தைத் தோற்றமாகச் சுருக்கிவிடுவதுதான் இவ்வெழுத்துவகையின் இயல்பு.

பழைய வண்டி இந்நாட்டிலே ஏன் இவ்வளவு காலம் ஓடிற்று என்பதையும் விளம்பரம் கேட்பதில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. 1977 இற்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. வடபகுதியின் கதை வேறு. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் எனப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. சவர்க்காரமும் மருந்தும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலே பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர்கள் நம் மெக்கானிக்குகள். மின்னணுப் பொறிகள் நிறைந்த புதிய வண்டியிடம் இவ்வித்தை பலிக்காது. எளிய காபரேற்றரும், திறந்து பார்த்தாற் புரியும் எஞ்சினும் இருந்தமையால் அந்தப் பழைய வண்டிகள் பிழைத்தன. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிச் சென்றவை அவைதாம்.

அந்த வண்டிகளை அமெரிக்க விளம்பரத்தின் அளவுகோலால் அளந்தால் என்னவாகும்? அவற்றில் அசல் ஏதும் எஞ்சியிருக்கவில்லை. எண்கள் பொருந்தா. ஒன்றின் எஞ்சின் மற்றொன்றின் உடலிலும், லொறியின் துண்டு காரின் அடியிலும் இருந்தன. இடப்பெயர்வுகளில் வாகனப் புத்தகங்களும் தொலைந்தன. ஆகவே, சேகரிப்போர் பார்வையில் அவை மதிப்பற்றவை. நம் பார்வையிலோ ஒவ்வோர் ஒட்டும் ஒருவருடைய அறிவு. ஒவ்வொரு மாற்றமும் ஓர் இரவின் உழைப்பு. தொடப்படாமையால் தப்பிய வண்டி அமெரிக்கக் களஞ்சியத்தில் இருக்கிறது. தொட்டுத் தொட்டுச் செப்பனிட்டமையால் தப்பிய வண்டி வன்னி வீதியில் ஓடிற்று. இரண்டனுள் எதற்கு உயிர் உண்டு என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடத்தில் உடையார்கட்டுக்கு வருகிறோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் அது. 2002 இன் போர்நிறுத்தத்தின்பின் திறந்த ஏ-9 வீதி, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. பெயர்ந்த மக்கள் உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் மாட்டுவண்டிகளிலும் சைக்கிள்களிலும் இந்த வீதியால் கிழக்கே நகர்ந்தனர். அம்மாதத்தில் அரசாங்கம் உடையார்கட்டை உள்ளடக்கிய சுமார் 35 சதுர கிலோமீற்றர் பரப்பைப் பாதுகாப்பு வலயமென அறிவித்தது. அவ்வலயத்துக்குள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது. மக்கள் மேலும் கிழக்கே, மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் தள்ளப்பட்டனர். மே மாதம் போர் முடிந்தபோது நந்திக்கடலோரத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. அவை பின்னர் வெட்டவெளிகளில் அடுக்கப்பட்டு, மழையிலும் உப்புக்காற்றிலும் துருவேறிக் கிடந்ததை அவ்வழியே சென்றோர் பல ஆண்டுகள் கண்டனர். எடைக்கு விற்கும் பழைய இரும்பே அவற்றின் கதியாயிற்று.

அந்தத் துருவும் துருதான். அதற்கும் கதை இருந்தது. அவ்வண்டிகளுக்கும் உரிமையாளர் இருந்தனர். அவர்களிற் பலர் அவ்வண்டிகளுக்கு அருகிலேயே மாண்டனர். பிழைத்தவர்களோ உரிமைப் பத்திரம் ஏதுமின்றி முகாம்களுக்குச் சென்றனர். அமெரிக்க விளம்பரத்தில் ‘உயிர் தப்பியது’ என்னும் சொல், வர்ணம் பூசப்படாத தகட்டைக் குறிக்கிறது. ஏ-35 வீதியோரத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே அது மனிதரைக் குறிக்கும். புளோரிடாவிலே கதை துருவின் விலையை 37 இலட்சம் டொலருக்கு உயர்த்திற்று. முல்லைத்தீவிலே கதையிருந்தும் துரு கிலோக்கணக்கில் நிறுக்கப்பட்டது. பொருளின் கதைக்கு விலை வைப்பதாகச் சொல்லும் சந்தை, எல்லோருடைய கதைக்கும் விலை வைப்பதில்லை. யாருடைய கதையென்று பார்த்தே விலை வைக்கிறது. விளம்பரத்தின் ‘வரலாறு’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கும் வர்க்க நியாயம் இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பற்றாக்குறையின் நடுவே பிறந்த வித்தையைக் கண்டு மெய்மறந்து, பற்றாக்குறையையே போற்றத் தொடங்கிவிடக்கூடாது. கியூபாவை நோக்குவோம். 1959 இன் புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த தடை 1962 இல் முழுமையடைந்தது. முன்னர் வந்திருந்த அமெரிக்க வண்டிகளைக் கியூப மக்கள் சோவியத் பாகங்களையும் டீசல் எஞ்சின்களையும் பூட்டி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டிவருகிறார்கள். 2011 வரை புரட்சிக்கு முந்திய வண்டிகளைமட்டுமே தடையின்றி விற்கவும் வாங்கவும் முடிந்தது. ஹவானா நகரத்து மக்களுக்கு அவை பங்குக்கு ஏறிச்செல்லும் வாடகை வண்டிகள். உல்லாசப் பயண ஏடுகளுக்கோ அவை வண்ணப்படங்கள். எரிபொருளுக்கு வரிசையில் நிற்கும் சாரதியின் முகம் அப்படத்துள் வருவதில்லை. நம் வடபுலத்து ஒஸ்ரின்களும் இன்று விருந்தினரைக் கவரும் காட்சிப்பொருளாகி வருகின்றன. மண்ணெண்ணெய்ப் புகையை மூச்சிழுத்தவருக்கு அக்காலம் இனித்ததில்லை. மருந்தில்லாது இறந்தவரின் உறவினருக்கு அது அழகியலுமன்று. உழைப்பாளியின் கூர்மதியைப் போற்றுவோம். அக்கூர்மதியைத் தேவையாக்கிய தடையை மன்னியோம்.

2020 மார்ச்சில் இலங்கை முழுவதுமே வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஓடித்தேய்ந்த வண்டிக்கு அதன் புதுவிலையை மிஞ்சிய விலை கேட்கும் விளம்பரங்கள் பெருகின. 2022 இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டன. வடக்கு முன்னரே படித்த பாடத்தின் ஒரு பக்கத்தைத் தென்னிலங்கையும் அப்போது படித்தது. 2025 இல் தனியார் வாகனங்களும் மீண்டும் வரத் தொடங்கின. அந்த ஐந்தாண்டுகளிலும் நாட்டின் வண்டிகளை ஓடவைத்தவர்கள் கராஜ்களின் உழைப்பாளிகளே. அவர்களைப்பற்றி எழுதப்பட்டது எவ்வளவு?

ஆகவே, நம் முடிவு இதுவாகும். பழைய பொருளை நேசிப்பது குற்றமன்று. அழகிய வண்டியைப் பார்த்து இன்புறுவதும் குற்றமன்று. 1957 இன் செவ்ரோலேயும் மனிதக் கையின் படைப்பே. அதன் வளைவுகளில் பிளின்ற் தொழிலாளியின் வியர்வை உண்டு. ஆனால், கைபடாமையே உயர்வென்னும் அளவுகோலை அவ்விளம்பரத்தோடு சேர்த்து வாங்கவேண்டியதில்லை. பொருளின் மதிப்பு அதனைச் செய்தவரிலும், அதனைக் காப்பாற்றியவரிலும், அது சுமந்துசென்ற மக்களிலும் தங்கியிருக்கிறது. இந்த அளவுகோலை நமது இலக்கியத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நம் எழுத்தாளர்க்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சிறு விளம்பரத்தின் துல்லியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் மௌனத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். வன்னியின் கராஜ் ஒவ்வொன்றுக்கும் சென்று, எந்த வண்டி எந்தப் பாகத்தால் பிழைத்தது, யாரை ஏற்றிற்று, எந்தத் திருப்பத்திற் கைவிடப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். மண்ணெண்ணெயில் எஞ்சினை எழுப்பிய தலைமுறை முதுமையடைந்துகொண்டிருக்கிறது. வண்டிகள் இரும்பாகிப் போய்விட்டன. வாகனப் புத்தகங்கள் எரிந்துவிட்டன. சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நம் கடமை.